பழசும் புதுசும் ஒரே வீட்டில்: ரவுட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ரவுட்டரை மாற்றினோம். சந்தாவைப் புதுப்பித்தபோது இணைய நிறுவனம் கொடுத்த புது ரவுட்டர். பெட்டியைப் பிரித்து மாட்டி, மனைவியின் கைத்தொலைபேசியில் வேகத்தைப் பார்த்தால் பழையதைவிட நாலு மடங்கு. எல்லாருக்கும் சந்தோஷம். இரவு ஒன்பது மணிக்கு அத்தை தன் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"மாப்பிள்ளை, நம்ம வீட்டுப் பேரு தெரியுது. பாஸ்வேர்டு போட்டா திரும்பத் திரும்பக் கேக்குது."

அத்தைக்கு எழுபத்தாறு வயது. பட்டுக்கோட்டையில் இருக்கும் தங்கையோடு தினமும் இரவு முகம் பார்த்துப் பேசுவார். அந்த டேப்லெட் 2016இல் வாங்கியது. எழுத்தைப் பெரிதாக்கி, தங்கையின் படத்தை முதல் பக்கத்தில் வைத்து, எங்கே தொட்டால் என்ன வரும் என்று அவருக்கு அத்துப்படி. புதிதாக ஒன்று வாங்கித் தந்தும் பார்த்தோம், அவர் தொடவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. மூன்று இரவு அவர் தங்கையைப் பார்க்கவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அலுவலகங்களுக்குப் போய் பிரிண்டர் பழுது பார்ப்பது என் தொழில். பதினேழு வருடமாகச் செய்கிறேன். "பிரிண்டர் திடீரென்று நின்றுவிட்டது" என்று கூப்பிடும் பல இடங்களில் பிரிண்டரில் கோளாறே இருக்காது. அதற்கு முந்தின வாரம் யாராவது ரவுட்டரை மாற்றியிருப்பார்கள். ரவுட்டர் பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் வீட்டில் இருக்கும் ஆகப் புதிய போனுக்கான பேச்சு. ஆகப் பழைய சாதனத்தின் சார்பாகக் கேள்வி கேட்க வேண்டியது நீங்கள்தான். இந்தக் கட்டுரை அதற்காக.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். நான் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் நாலறை வீட்டில் வைஃபை பிடிக்கும் சாதனங்கள் ஏழோ எட்டோ இருக்கும் என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது பத்தொன்பது. அத்தையின் டேப்லெட், 2012இல் வாங்கிய பிரிண்டர், மகனின் முதல் மாடல் பிளேஸ்டேஷன் 4, மகளின் பள்ளி மடிக்கணினி, மனைவியின் ஐபோன் 16, தொலைக்காட்சி, வீடு கூட்டும் ரோபோ, கூரை மின்விசிறி, வாசல் கேமரா, சமையலறையில் இரண்டு ஸ்மார்ட் பிளக். மின்விசிறியும் பிளக்கும்தான் எல்லாரும் மறந்துவிடும் ஆட்கள். ரவுட்டரை மாற்றிய அன்று முதலில் முகம் சுளிப்பதும் அவைதான்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்று எழுத வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமா, 5ம் பிடிக்குமா, புதிய 6 கிகாஹெர்ட்ஸும் வருமா. தலைமுறைக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 802.11 என்பது வைஃபை தரத்தின் எண்; அதில் 2009இல் வந்த 'என்' (n) வகைதான் வைஃபை 4. அந்தக் காலத்து மலிவான சாதனங்கள் பெரும்பாலும் 2.4 மட்டும் பிடிப்பவை. 2013இல் வந்த 'ஏசி' (ac) வகை வைஃபை 5. அது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும். அதைப் பிடிக்கும் போனும் மடிக்கணினியும் 2.4க்கு வரும்போது பழைய 'என்' வகையில் பேசும். 2019இலிருந்து முத்திரை பெற்று வரும் ஏஎக்ஸ் வகை வைஃபை 6, இரண்டு அலைவரிசையிலும் ஓடும். அதோடு 6 கிகாஹெர்ட்ஸ் சேர்ந்தால் வைஃபை 6இ. 2024 ஜனவரியில் முத்திரை கொடுக்கத் தொடங்கிய பிஇ வகை வைஃபை 7. இப்படி எண் போட்டுக் கூப்பிடும் வழக்கமே 2018இல்தான் வந்தது. அதனால் பழைய பெட்டிகளில் எழுத்துதான் இருக்கும், எண் இருக்காது.

பெட்டி தொலைந்துவிட்டதா? ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற பொத்தானை அணைத்தால் 5, போட்டால் 2.4. இப்போது பழைய சாதனத்தில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். போனின் பெயர் தெரிந்தால் அது 5ஐப் பிடிக்கிறது. பொத்தானைப் போட்ட பிறகுதான் தெரிகிறது என்றால் அது 2.4க்காரர். இந்த ஒரு வழியில் என் பட்டியலில் பதினாறு பெயருக்கு விடை கிடைத்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு: 2.4 மட்டும் பிடிப்பவை பத்து, 5ம் பிடிப்பவை எட்டு, 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது மனைவியின் போன் ஒன்றே ஒன்று. பல வீடுகளில் கணக்கு இதைப் போலத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இங்கே பலருக்கு ஒரு பயம் உண்டு. பழைய சாதனம் ஒன்று சேர்ந்தால் வீடு முழுக்க வேகம் அதன் அளவுக்கு இறங்கிவிடுமா? அப்படி இல்லை. எங்கள் புளோக்கின் மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியோடு வரும் ஒரு பாட்டி மெதுவாக ஏறுகிறார். மின்தூக்கி ஓடும் வேகம் குறையவில்லை. கதவு திறந்திருக்கும் நேரம் கூடுகிறது, மற்றவர்கள் அவ்வளவு நேரம் நிற்கிறார்கள். வைஃபையிலும் ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மெதுவாகப் பேசும் சாதனம் அதே செய்தியைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் 2.4, 5 இரண்டும் பக்கத்துப் பக்கத்து மின்தூக்கிகள். ஒன்றில் நடப்பது மற்றொன்றை நிறுத்தாது. அதனால் பழையவற்றை 2.4இல் நிம்மதியாக ஏறவிட்டு, புதியவற்றை 5க்கு அனுப்பிவிட்டால் யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ரவுட்டர் தேர்வு என்பது இந்தப் பிரிப்பை எது நன்றாகச் செய்யவிடுகிறது என்று பார்ப்பதுதான்.

அதனால் கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி வேகம் பற்றியது இல்லை. "2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைக்க முடியுமா?" அதுதான் முதல் கேள்வி. இப்போது வரும் ரவுட்டர்கள் எல்லா அலைவரிசையையும் ஒரே பெயரில் கட்டி, சாதனத்தை எங்கே அனுப்புவது என்று தாமே முடிவு செய்கின்றன. புது போன்களுக்கு அது வசதி. பிளக், மின்விசிறி போன்றவற்றை முதல்முறை சேர்க்கும்போது சில நேரம் அங்கேதான் சிக்கல்: போன் 5இல் நிற்கும், பிளக் 2.4இல் தேடும், சேர்க்கும் செயலி குழம்பிப்போகும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்கும் மெஷ் வகை ரவுட்டர்கள் சிலவற்றில் பெயரைப் பிரிக்கவே வழி கிடையாது. சிலவற்றில் பிளக், மின்விசிறி போன்றவற்றுக்காக 'ஐஓடி நெட்வொர்க்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதை 2.4க்கு மட்டும் ஒதுக்கலாம். அது இருந்தால் போதும், நல்ல ரவுட்டர்.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு முறை. அத்தையின் டேப்லெட் திணறியது இதில்தான். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 முறை பழைய சாதனங்கள் பலவற்றுக்குத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது 2004இல் வந்த டபிள்யூபிஏ2. எங்களுக்கு வந்த ரவுட்டர் டபிள்யூபிஏ3இல் மட்டும் அமைக்கப்பட்டிருந்தது. பெயர் தெரியும், சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் கதவு திறக்காது. பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறார் என்று நினைத்து முதல் நாள் முழுக்க அத்தையை மறுபடி மறுபடி அடிக்கச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு முறையையும் கலந்து வைக்கும் அமைப்பு எல்லா நல்ல ரவுட்டரிலும் இருக்கும். சில பழைய சாதனங்கள் அந்தக் கலப்பிலும் தடுமாறும். இன்னொரு பக்கம், 6 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம்; வைஃபை 7இன் முழுப் பலனுக்கும் அது வேண்டும். பழையவர் ஒன்றைக் கேட்கிறார், புதியவர் இன்னொன்றைக் கேட்கிறார். ஆகவே பெயர்வாரியாகப் பாதுகாப்பு முறையை மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது 2.4 பெயர் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கத்தோடு. 5இன் பெயர் கலப்பு. இரண்டும் ஒரே வீட்டு வலைக்குள்தான் இருக்கின்றன, அதனால் மகளின் மடிக்கணினியிலிருந்து பிரிண்டருக்கு அனுப்புவதில் தடையில்லை. பிரிண்டரை மட்டும் விருந்தினர் வலையில் போட்டுவிடாதீர்கள். அங்கே போனால் மற்ற சாதனங்களின் கண்ணுக்கு அது தெரியாது. நான் போய்ப் பார்த்த 'பழுதான' பிரிண்டர்களில் இது அடிக்கடி.

மூன்றாவது, 2.4இல் ஏஎக்ஸ் முறையை அணைக்க முடியுமா என்று பாருங்கள். சில பழைய மடிக்கணினிகளுக்கு வைஃபை 6 ரவுட்டரின் பெயரே பட்டியலில் தெரியாது. வைஃபை டிரைவரை, அதாவது மடிக்கணினியின் வைஃபையை இயக்கும் மென்பொருளை, புதுப்பித்தால் தெரியும். இன்டெல் நிறுவனமே அப்படித்தான் அறிவுறுத்தியிருக்கிறது. டிரைவருக்கு வழியில்லாத சாதனம் என்றால் 2.4ஐ 'என்' முறைக்கு இறக்கிவிட வேண்டியதுதான். அதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் 'என்' வகைக்காரர்கள்தான்.

இனி பெட்டியில் இருக்கும் பெரிய எண். ஏஎக்ஸ்3000 என்றால் 3000 மெகாபிட் உங்கள் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. 2.4இன் உச்சம் 574, 5இன் உச்சம் 2402, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு அலைவரிசையில்தான் நிற்கும். அந்த 2402ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில்தான் கிடைக்கும். 80 அகலத்தில், இரண்டு ஆண்டெனா உள்ள வைஃபை 6 போனுக்கு 1201. வைஃபை 5 போனுக்கு 867. அதுவும் காகிதக் கணக்கு, கைக்கு வருவது அதைவிடக் குறைவு. பழைய பிரிண்டரைப் போன்ற ஒற்றை ஆண்டெனா 'என்' வகைச் சாதனத்துக்கு 20 அகலத்தில் உச்சமே 72. எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் அது 72தான். அத்தையின் வீடியோ அழைப்புக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். 4கே படத்துக்கே 25 மெகாபிட் இருந்தால் தாராளம்.

வைஃபை 7 வாங்கலாமா என்று கேட்டால், மூன்றைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் வைஃபை 7 சாதனம் எத்தனை? சந்தா ஒரு கிகாபிட்டைத் தாண்டுகிறதா? அந்த ரவுட்டரில் 6 கிகாஹெர்ட்ஸ் உண்மையிலேயே இருக்கிறதா? விலை குறைந்த வைஃபை 7 ரவுட்டர்கள் சிலவற்றில் 2.4ம் 5ம் மட்டும்தான். பெயரில் 7 இருக்கும், 6 கிகாஹெர்ட்ஸ் இருக்காது. சிங்கப்பூரில் 2023 மே மாதம்தான் அந்த அலைவரிசையை வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள், அதுவும் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். அமெரிக்காவில் 7125 வரை உண்டு. வைஃபை 7 பெருமையாகச் சொல்லும் 320 அகலச் சேனல் நம் ஊரில் ஒன்றுக்குத்தான் இடம். அதனால் வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்க மாடலை வரவழைக்காதீர்கள். அலைவரிசையும் ஒத்துவராது, பிளக்கும் ஒத்துவராது.

இங்கேயே வாங்குவதில் இன்னொரு நன்மை. 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வீட்டு ரவுட்டர்களுக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் பாதுகாப்பு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி நுழைவுச் சொல், தானாக வந்து இறங்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரையையும் தேடுங்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு, ரவுட்டருக்கு இந்த முத்திரை கட்டாயம். பழைய சாதனங்கள் உள்ள வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். அத்தையின் டேப்லெட்டுக்குப் புதுப்பிப்பு வருவது எப்போதோ நின்றுவிட்டது. வாசலைக் காப்பது ரவுட்டர்தான்.

நான் கடைசியில் எடுத்தது இரண்டு அலைவரிசை வைஃபை 6 ரவுட்டர், 129 வெள்ளி. மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்காரர் என் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, அதைவிட இரு மடங்கு விலையில் இருந்ததைத் திரும்ப உள்ளே வைத்தார். அவருக்கு நன்றி. நிறுவனம் கொடுத்த ரவுட்டரிலேயே அமைப்பை மாற்ற முடிந்தால் அந்த 129ம் தேவையில்லை. எங்களுக்கு வந்ததில் பெயரைப் பிரிக்க இடமில்லை, அதனால்தான் வாங்கினேன். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒரே உருப்படியாக இருக்கும் வீடுகளில், புதியதை மாட்டுமுன் பழையதை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? நம் வீடுகளில் 1990களின் இறுதியிலிருந்து கட்டியவற்றில் பாம் ஷெல்டர் என்ற வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை உண்டு. தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி, கதவும் இரும்பு. ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அலை வெளியே வருவது கடினம். எங்கள் வீட்டில் ரவுட்டர் காலணி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, ஃபைபர் முனை அங்கே இருப்பதால். அத்தையின் அறைக்கும் அதற்கும் நடுவே பாம் ஷெல்டர். அந்தச் சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கவும் அனுமதி இல்லை. நான் ஃபைபர் பெட்டியை நகர்த்தவில்லை. அதன் வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் போயிற்று. அதிலிருந்து ஐந்து மீட்டர் கேட் 6 வகை லேன் கம்பி ஒன்றை ஓரமாக இழுத்து, ரவுட்டரை மட்டும் கூடத்தில் நெஞ்சு உயர அலமாரிக்கு மாற்றினேன். அத்தையின் அறையில் ஒரு கோடு காட்டிய வைஃபை மூன்று கோடானது. காசு ஏழு வெள்ளி.

அதன் பிறகும் எட்டாத அறை இருந்தால்தான் மெஷ். அறைக்கு அறை லேன் முனை உள்ள புது வீடுகளில் மெஷ் பெட்டிகளைக் கம்பியாலேயே இணையுங்கள். காற்றில் இணைத்தால் சாதனங்களுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தில் ஒரு பங்கு பெட்டிகளின் பேச்சுக்கே போய்விடும்.

மாற்றும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று உங்களுக்குப் பாதி நாளை மிச்சப்படுத்தும். பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதியதன் 2.4க்கு வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அதே. பாதுகாப்பு முறையும் டபிள்யூபிஏ2 என்றால் பிரிண்டர், பிளக், மின்விசிறி எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். 5க்கு மட்டும் புதுப் பெயர் கொடுத்து, போன்களையும் மடிக்கணினிகளையும் அதில் சேருங்கள். புதிதாகப் பெயர் வைப்பதானால் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். படக்குறி, சிறப்புக் குறி உள்ள பெயரைப் பழைய பிரிண்டர்கள் சில படிக்காது.

2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். என் அறையில் நின்று பார்த்தால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர் புளோக் என்று முப்பத்திரண்டு வைஃபை பெயர் தெரிகிறது. 1, 6, 11 இந்த மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அகலத்தைக் கூட்டினால் அண்டை வீட்டுக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. 5இல் சேனல் 36 முதல் 48க்குள், 80 அகலத்தில் வைத்தேன். அதற்கு மேல் உள்ள சேனல்களில் பல ராடாரோடு பகிர்ந்துகொள்பவை; சில பழைய போன்களுக்கு அவை தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறையில் மட்டும் இணையும் சாதனம் இருந்தால் அதற்காக வீட்டு வலையைத் திறந்துவிடாதீர்கள். பிரிண்டர் என்றால் லேன் கம்பியிலோ யூஎஸ்பியிலோ மாட்டிவிடலாம். மகனின் பிளேஸ்டேஷனையும் நான் கம்பியில்தான் மாட்டினேன். 2.4 மட்டும் பிடிக்கும் மாடல் அது. கம்பிக்கு மாறிய பிறகு விளையாட்டுக்கு நடுவே நிற்பதில்லை என்கிறான். ரவுட்டரில் லேன் துளை எத்தனை என்று பார்த்து வாங்குங்கள் என்பதற்கு இதுவும் காரணம். மூன்றுக்குக் குறையக் கூடாது.

பழைய ரவுட்டரை உடனே தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரம் வைத்திருங்கள். விட்டுப்போன சாதனம் ஏதாவது ஐந்தாம் நாள் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் அது வாசல் கேமரா. பிறகு பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியால் அழுத்தி எல்லா அமைப்பையும் அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடலாம்.

திங்கட்கிழமை இரவு அத்தையின் டேப்லெட் இணைந்தது. தங்கை எடுத்தவுடன் கேட்டார், "மூணு நாளா எங்கக்கா போனே?" அத்தை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல வேலை" என்று சொல்லிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.